எருமை மேல் நின்ற பயிர்

ஆவரங்குறிச்சி என்று ஓர் ஊர். அந்த ஊருக்கும் அதன் குளத்துக்கும் நடுவே முக்கால் ஏக்கர் கரிசல் புஞ்சை. அந்தப் புஞ்சைக்கு ஆவுடைத்தங்கம் என்று ஒருத்தி. அவளுக்கு ஊரில் இருந்த முந்நூற்றுச் சொச்சம் பேரில் ஒருத்தரையும் பிடிக்காது. காரணம் இல்லாமல் இல்லை. அவள் புருஷன் செத்த பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்கள், வடை பாயசத்தோடு மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு, கை கழுவின ஈரம் காய்வதற்குள், “ஒத்தப் பொம்பளைக்கு வெவசாயம் எதுக்குத் தாயி, இந்தப் புஞ்சைய வழிக்கு விட்டுட்டா ஊர் மாடு நேராக் கொளத்துக்குப் போவும்லா” என்று அவளுக்கு நல்லது சொன்னார்கள். அன்றையிலிருந்து, செருப்பில் ஒட்டின சாணியைப் பார்ப்பதுபோலத்தான் அவள் ஊரைப் பார்த்தாள். ஊர் அதற்காக வருத்தப்படவில்லை. வருத்தப்படுகிற அளவுக்கு அதற்கு ரோஷம் இருந்ததில்லை.

அந்த ஊருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. விதைத்த நாளிலிருந்து அறுத்துத் தீரும்வரை ஒரு புஞ்சைக்குள் அதற்கு உடையவரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. உடையவரும் செருப்பை வரப்பில் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஒரே ஒரு செடி நின்றாலும் அது பயிர் நிற்கிற புஞ்சை. ஆனால் தை நாலாம் தேதி கோயில் ஒலிபெருக்கியில் “காடு தெறந்தாச்சு” என்று சொல்லிவிட்டால், அறுத்து வெறுமையாகக் கிடக்கிற புஞ்சையெல்லாம் பொது. யார் மாடும் மேயலாம், யாரும் நடக்கலாம். நடந்து நடந்து தடம் விழுந்துவிட்டால் அது பாதை, பிறகு அதில் கலப்பை வைக்க முடியாது. அப்படித் தொலைந்துபோன புஞ்சைகள் அந்த ஊரில் நாலைந்து உண்டு. ஆவுடைத்தங்கம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பயறு எடுப்பதற்கு முன்பே வரிசை வரிசையாகத் துவரை ஊன்றிவிடுவாள், துவரை எடுப்பதற்குள் அடுத்தது. பன்னிரண்டு வருஷமாக அவள் புஞ்சை ஒரு நாள்கூட வெறுமையாகக் கிடந்ததில்லை. ஊரார் மாடுகளை ரெண்டு மைல் சுற்றிக் குளத்துக்குப் பற்றிக்கொண்டு போனார்கள், போகிற வழியெல்லாம் அவளை வைதுகொண்டே போனார்கள்.

பக்கத்து வீட்டுப் பலவேசம் மட்டும் வையமாட்டான். அவன் சிரிப்பான். தப்புச் செய்வதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுவிட்டு, கேட்டாயிற்றே என்று நிம்மதியாகத் தப்பைச் செய்கிற சாதி மனுஷன். அவனிடம் கட்டைக்கொம்பு எருமை ஒன்று இருந்தது. வீட்டுக்குத் தூண் இருந்தது, கயிறும் இருந்தது, ஆனால் எருமையைக் கட்டுகிற வழக்கம் அவனுக்கு இல்லை. அது காலையில் எழுந்திருக்கும், குளத்தில் போய்ப் புரளும், முதுகு நிறையச் சேற்றோடு உச்சிப்பொழுதுக்கு ஆவுடைத்தங்கத்தின் புஞ்சைக்குள் இறங்கி, பாசிப்பயறுச் செடியைப் பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி மாதிரி ஒரு அவசரமும் இல்லாமல் தின்னும்.

“ஏ பலவேசம், ஒன் எருமை எம் புஞ்சைக்குள்ள நிக்கி.”

“அப்படியா மைனி? மன்னிச்சுக்கிடுங்க. வாயில்லாச் சீவன், நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்.”

அவள் சொல்லிப் பார்க்கவில்லை, உடைமுள் வெட்டி வேலி அடைத்தாள். எருமை முள்ளை நெஞ்சால் தள்ளிக்கொண்டு வந்தது. புருஷனின் பழைய சட்டையை மாட்டிப் பொம்மை நட்டாள். எருமை அந்தப் பொம்மையில் முதுகு சொறிந்துகொண்டது. கம்பால் அடித்தாள், அடிக்குச் சேறு தெறித்து அவள் முகத்தில் விழுந்ததே தவிர எருமை வாலைக்கூட ஆட்டவில்லை. முந்தி என்றால் அடுத்தவர் பயிரை மேய்ந்த மாட்டைப் பவுண்டுத் தொழுவத்தில் கொண்டுபோய் அடைக்கலாம், உடையவன் அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும். ஊர்ப் பவுண்டுக்கு இப்போது சுவரும் இல்லை, கதவும் இல்லை; உள்ளே யாரோ சுரைக்கொடி போட்டிருந்தார்கள். கடைசியில் எருமையைப் பிடித்துத் தன் வீட்டிலேயே கட்டினாள். கட்டினவர்தான் தண்ணீர் காட்ட வேண்டும், தீனி போட வேண்டும் என்பது மரியாதை. மூன்று நாளில் அது அவள் வைக்கோற்படப்பில் பாதியைத் தின்று முடித்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பலவேசம் வந்து, “நல்லாத்தான் கவனிச்சிருக்கிய மைனி, ஒரு சுத்து பெருத்திருக்கு” என்று சிரித்துக்கொண்டே ஓட்டிக்கொண்டு போனான்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எருமை தின்றதைவிட அது அவளைத் தின்றது.

கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எருமை வழக்கம்போல் வந்து தின்றுவிட்டுப் போயிற்று. வெள்ளிக்கிழமை அது வந்தபோது அதன் முதுகுச் சேற்றில் ரெண்டு ரெண்டு இலையாகப் பயறு முளைத்திருந்தது. அடுத்த வாரம் கணு விட்டது, அதற்கடுத்த வாரம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. எருமை புஞ்சையில் எத்தனை செடி தின்றதோ அத்தனையும் அதன் முதுகில் வந்து நின்றன. தின்ற இடத்தில் ஒரு தூர்கூடத் திரும்பத் தழைக்கவில்லை. பயறு போயிற்று, ஊடே ஊன்றின துவரை போயிற்று, மார்கழி பிறந்தபோது முக்கால் ஏக்கர் கரிசலும் துடைத்துப்போட்ட மாதிரிக் கிடக்க, அதில் விளைந்திருக்க வேண்டிய அத்தனையும் விலாவில் வழிந்து, வாலடியில் தொங்கி, கொம்புக்கு நடுவே கொத்தாக எழும்பி, எருமை மேல் நின்றது. முதலில் பார்த்தவள் ஆவுடைத்தங்கம்தான். அவள் வாயைப் பிளக்கவில்லை. “கொழுப்பு” என்று ஒரே வார்த்தை சொன்னாள்.

ஊரும் வாயைப் பிளக்கவில்லை. ஒரு எருமையின் தோலில் எப்படிப் பயிர் முளைக்கும் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. அதைக் கேட்க மூளை வேண்டும். அவர்கள் கேட்டதெல்லாம் இது புஞ்சையா நஞ்சையா என்பதுதான். தினம் குளத்தில் புரண்டு தண்ணீர் பாய்கிறதே, அதனால் நஞ்சை என்று டீக்கடையில் ஒரு கூட்டம் சொன்னது. மடை இல்லாமல் நஞ்சை ஏது, அதனால் புஞ்சைதான் என்று இன்னொரு கூட்டம் சொன்னது. ரெண்டு கூட்டமும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் தனித்தனி பெஞ்சில் உட்கார்ந்தன. தலையாரி நாடாவோடு வந்து கொம்படியிலிருந்து வாலடி வரைக்கும் அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனார். பயிர் நிற்கிற இடமாயிற்றே என்று எருமைக்குப் பக்கத்தில் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். மைனாவும் சிட்டுக்குருவியும் வந்து கொத்த ஆரம்பித்தபோது பலவேசம் கொம்பில் தகரடப்பாவைக் கட்டிவிட்டான். எருமை தலையை ஆட்ட ஆட்ட டப்பா சத்தம் போட்டது, டப்பா சத்தத்துக்கு எருமை தலையை ஆட்டியது, குருவிகள் போயின. கண்ணேறு படாமல் இருக்க நெற்றியில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தான். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்துப் பார்க்க வந்தார்கள். பஸ் கண்டக்டர் ஊர் பேரை விட்டுவிட்டு “எருமைக்காடு எறங்கு” என்று கூப்பிட ஆரம்பித்தார். அதற்குக்கூட ஊர் ரோஷப்படவில்லை, எருமைக்காடு என்று கேட்டதும் வேட்டியை உதறிக்கொண்டு பெருமையாக இறங்கியது. நேற்றுவரை கோயில் கொடையில் பந்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பலவேசத்துக்கு இப்போது முதல் திருநீறு கொடுத்தார்கள்.

ஆவுடைத்தங்கம் இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்தாள். சிரிப்பும் வந்தது, காறித் துப்பவும் வந்தது. ஆனால் தை நெருங்க நெருங்க அவள் நாள் எண்ண ஆரம்பித்தாள். புஞ்சை வெறுமையாகக் கிடக்கிறது. காடு திறந்த அன்றைக்கு ஊர் மாடு அத்தனையும் அதன் வழியாகத்தான் இறங்கும், ஒரே மாதத்தில் தடம் விழும், அப்புறம் அது அவளுடையது இல்லை. திரும்ப விதைக்கலாம் என்று இருந்த விதைப்பயறை எடுத்துத் தெளித்துப் பார்த்தாள். முளை கண்ட மூன்றாம் நாள் எருமை வந்து அதையும் நக்கிவிட்டுப் போயிற்று. வேறு வழியில்லாமல், அவமானத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஊர்க்கூட்டத்தில் போய் நின்றாள்.

கூட்டம் அம்மன் கோயில் முன்னால் கூடியது. பிரசிடென்ட் தங்கப்பழம் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எட்டு மாடு. எட்டும் தினம் ரெண்டு மைல் சுற்றித்தான் குளத்துக்குப் போயின. அவள் நடந்ததைச் சொல்லி முடித்ததும் பலவேசம் எழுந்து கும்பிட்டான்.

“எல்லாரும் என்னையவே குத்தம் சொல்லுதிய. எருமை மைனி புஞ்சைக்குள்ள போச்சு. சரி, போச்சு, இல்லங்கல. ஆனா போன எருமை சாயங்காலம் எங்க வீட்டுக்குத் திரும்பி வந்துட்டுல்லா? மைனி பயிரு எங்க எருமை மேல ஏறுச்சே, அது எறங்குச்சா? அத்துமீறுனது ஆருன்னு நீங்களே சொல்லுங்க.”

கூட்டம் “அதான!” என்றது. அந்த ஊரில் முட்டாள்தனமாக ஒன்றைச் சொன்னால் போதும், உடனே ஒரு “அதான” கிடைத்துவிடும்.

தங்கப்பழம் தொண்டையைச் செருமினார். “நெலம்னா என்ன? பயிரு எதுல நிக்கோ அது நெலம். பயிரு எருமை மேல நிக்கி. அப்ப எருமைதான் நெலம். எருமை பலவேசத்துக்கு, அதனால பயிரும் அவனுக்கு. ஒம் புஞ்சைல ஒண்ணும் நிக்கல, அப்ப அது வெறுங்காடு. தை நாலாம் தேதி மத்த காட்டோட அதையும் தெறக்க வேண்டியதுதான்.”

“வெறுங்காடா ஆக்குனது ஆரு?”

“அது வேற விசயம் தாயி. அதையும் இதையும் போட்டுக் கொழப்பப் பிடாது.”

இதை ஒரு நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், எழுதத் தெரியாதவர்கள் பெருவிரலை உருட்டினார்கள். ஆவுடைத்தங்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பொய் சொல்கிறோம் என்கிற கூச்சம் ஒரு முகத்திலாவது இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்; இல்லை, அத்தனை பேரும் தாங்கள் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “நல்லா எழுதிக்கிடுங்க. ஒரு எழுத்து விடாம எழுதிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்ன பேச்சுதான் அது. ஆனால் வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்து உட்கார்ந்தபோது, தான் சொன்னதைத் தானே ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

தை நாலாம் தேதி காலையில் கோயில் ஒலிபெருக்கி “காடு தெறந்தாச்சு” என்று கத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவள் புஞ்சை வேலியைத் தானே பிரித்து வைத்தாள். குளத்தில் புரண்டுவிட்டு வந்த எருமை, திறந்த வாசலைப் பார்த்து ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டு நின்றது. அவள் ஓரமாக ஒதுங்கி, “வா, என்னைக்கும் வாரதுதான, இன்னைக்கு என்ன வெக்கம்” என்றாள். அது உள்ளே வந்தது. அவள் முள்ளை இழுத்து அடைத்தாள்.

ஊர் மாடுகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தன. முன்னால் தங்கப்பழத்தின் எட்டு மாடும், அதற்கு முன்னால் தங்கப்பழமும். முள்ளுக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆவுடைத்தங்கம் நின்றாள். அவளுக்குப் பின்னால், புஞ்சையின் நட்டநடுவில், இடுப்புயரப் பயிரோடு எருமை நின்றது.

“முள்ள எடு தாயி. காடு தெறந்தாச்சு.”

“கண்ணு அவிஞ்சா போச்சு? பயிரு நிக்கி. பயிரு நிக்கிற காட்டுல காலு வைக்கப் பிடாதுன்னு கட்டுப்பாடு வச்சது ஆரு? எங்க அப்பனா?”

“அது எருமைலா!” என்றான் பலவேசம். முதல் தடவையாக அவன் சிரிக்கவில்லை.

“எருமைன்னு ஆரு சொன்னா? நெலம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிய. நாலாவது கையெழுத்து ஒன்னதுதான் பலவேசம்.”

“சரி, எங்க நெலம்தான. எங்க நெலத்த நான் ஓட்டிக்கிட்டுப் போறேன்.”

“நெலத்த ஓட்டிக்கிட்டுப் போவானாம்! ஒன் நெலம் எம் புஞ்சைக்குள்ள கெடக்கு. தாராளமாப் போ. எம் புஞ்சைய மிதிக்காமப் போ. பறந்து போ.”

கூட்டம் அப்படியே நின்று யோசித்தது. அவர்கள் யோசிக்கும்போது வாய் கொஞ்சம் திறந்திருக்கும். ஒரு ஊரே வாயைத் திறந்துகொண்டு வெயிலில் நின்றது. ஒருவன் போய் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தான். தங்கப்பழம் ரெண்டு தடவை படித்தார், கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் தடவை படித்தார், படித்துவிட்டு, “அவ சொல்லுததுதான் நாயம். நம்மளும் அன்னைக்கே இதத்தான சொன்னோம்” என்றார். கூட்டம் “அதான!” என்றது. மாடுகளைத் திருப்பிக்கொண்டு ரெண்டு மைல் சுற்றிப் போனார்கள். பலவேசம் மட்டும் பால் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு வரப்போரம் நின்றான். “பாலாவது கறந்துக்கிடுதேன் மைனி” என்று கேட்டதற்கு அவள், “எவனாச்சும் நெலத்துல பால் கறப்பானா?” என்றாள். அவளே கறந்தாள், அவளே காய்ச்சினாள், அவளே குடித்தாள்.

அதன்பிறகு தினம் நாற்பது குடம் தண்ணீர் குளத்திலிருந்து சுமந்துவந்து எருமை மேல் ஊற்றினாள். கோரையைக் களைந்து அதற்கே தின்னக் கொடுத்தாள். எருமையையும் அவளுக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் அது “அதான” சொல்லவில்லை என்பதால் ஊரைவிட ஒரு படி மேலாகத்தான் அவள் அதை வைத்திருந்தாள். தை பாதியில் காய் கறுத்து நெற்றாயிற்று. அவ்வளவுதான், ஊருக்குத் திடீரென்று அவள் மேல் பாசம் பொங்கியது. தங்கப்பழமே அரிவாளோடு வரப்புக்கு வந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நெத்து முத்திட்டு தாயி. நாங்க இருவது பேரு வந்து அரை நாள்ல அறுத்துக் குடுத்துருதோம். கூலி ஒண்ணும் வேண்டாம். அத்தனையும் நீயே அள்ளிக்கோ. பலவேசம் ஒத்துக்கிட்டான்.”

பின்னால் நின்ற பலவேசம் தலையாட்டினான். அவன் முகத்தில் சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. வீட்டுக் குலுக்கையில் கைப்பிடி தானியம் கிடையாது. பயிர் முழுசும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஒரு வருஷம் உட்கார்ந்து சாப்பிடலாம். பசி வேறு காதை அடைத்தது. அன்றைக்குக் காலையில் பால் மட்டும்தான் குடித்திருந்தாள். அரிவாளைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள், கைக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தாள். “போயிட்டு வாங்க” என்றாள்.

அதற்கு மறுநாள் உச்சி வெயிலில் நெற்றுகள் வெடிக்க ஆரம்பித்தன. அவள் எருமையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கீழ்வரப்பிலிருந்து மேல்வரப்புக்கும், மேல்வரப்பிலிருந்து கீழ்வரப்புக்கும், உழவுச் சால் போகிற மாதிரி நேர்நேராக நடத்திக்கொண்டு போனாள். வேப்பங்குழையால் அதன் விலாவில் மெல்லத் தட்டத் தட்ட எருமை உடம்பைச் சிலிர்த்தது, சிலிர்க்கச் சிலிர்க்கப் பயறு தெறித்து விழுந்தது. ஊர் முழுக்க வரப்புக்கு வந்து நின்று அதைப் பார்த்தது. சாப்பாட்டை மண்ணில் கொட்டுகிறாளே பாவி என்று பொம்பளைகள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். மூன்று நாள் நடத்தினாள். எருமையின் முதுகில் காய்ந்த குச்சிதான் மிஞ்சியது. ஆனாலும் குச்சி நிற்கிறவரை பயிர் பயிர்தான், ஒருத்தரும் உள்ளே வரவில்லை. ராப்பகல் பாராமல் தண்ணீர் தெளித்தாள். ஐந்தாம் நாள் காலையில், முக்கால் ஏக்கரிலும் ஒரு முழ இடம் பாக்கி இல்லாமல், மண்ணை முட்டிக்கொண்டு ரெண்டு ரெண்டு இலை எழும்பியிருந்தது.

அவள் எருமையின் வாயில் ஒரு கூடையைக் கட்டினாள். முதுகில் இருந்த குச்சிகளைக் கையால் பிடுங்கி எறிந்து, மிச்சச் சேற்றைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு வரப்பு வழியாக நடத்திக்கொண்டு போய் முள்ளைக் கொஞ்சம் விலக்கி, “ஏ பலவேசம், ஒன் எருமையக் கொண்டுபோ. இனி கட்டிப் போடு” என்றாள்.

பலவேசம் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டான். எருமையைப் பார்த்தான், வெறும் எருமை, கறுப்புத் தோலும் கட்டைக்கொம்பும், பார்க்க வேன் வைத்து யாரும் வரப்போவதில்லை. அவள் வீட்டுக் குலுக்கை காலி என்பதும், நாளையிலிருந்து பக்கத்து ஊருக்குக் கூலிக்குப் போகப் போகிறாள் என்பதும் அவனுக்கும் தெரியும். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

“கேக்கேன்னு தப்பா நெனைக்காதிய மைனி. கைக்கு வந்த வெள்ளாமைய எதுக்கு இப்படிப் பாழாக்குனிய? அறுத்திருந்தா வருசம் பூரா கஞ்சி குடிச்சிருக்கலாம்லா?”

ஆவுடைத்தங்கம் முள்ளை இழுத்து இடைவெளியை அடைத்தாள். கையில் தைத்த முள்ளைப் பல்லால் கடித்து எடுத்துத் துப்பினாள்.

“அறுத்திருந்தா நீங்கல்லாம் உள்ள வந்திருப்பிய” என்றாள்.